மங்கிய ஹெட்லைட்: வீட்டிலேயே தேய்ப்பதா, பட்டறையில் கொடுப்பதா, புதிதாக மாட்டுவதா?

கார் வாங்கி ஏழெட்டு வருடம் ஆகிறது. இன்ஜின் நன்றாக ஓடுகிறது, பெயிண்டும் மோசமில்லை. ஹெட்லைட் மட்டும் மஞ்சள் பூத்து, இரவில் ஈசிஆரில் போகும்போது ரோட்டோரம் நிற்பது மாடா மனிதரா என்று பக்கத்தில் போனபிறகுதான் தெரிகிறது. என்ன செய்யலாம் என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வருகிறது. பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஆக்சஸரி கடையில் ஆவி பாலிஷ் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். சர்வீஸ் சென்டர் செட்டையே மாற்றச் சொல்கிறது. எல்லாவற்றிலும் அன்றைக்கு லென்ஸ் பளிச்சென்று ஆகிவிடும் என்பதால்தான் தேர்ந்தெடுப்பது சிரமமாக இருக்கிறது. வித்தியாசம் ஆறு மாதம் கழித்தே தெரியும்.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இருந்தது கண்ணாடி லென்ஸ். கல் பட்டால் உடையும், மஞ்சளாகாது. இன்றைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எடை குறைவு, சுலபத்தில் உடையாது, ஆனால் வெயிலின் யூவி கதிரைத் தாங்காது, லேசாக உரசினாலே கீறல் விழும். அதனால்தான் ஃபேக்டரியிலேயே சில மைக்ரான் தடிமனில் ஒரு கெட்டியான கோட்டிங் கொடுத்து அனுப்புகிறார்கள். வருடக்கணக்கில் வெயில் பட்டு அந்தக் கோட்டிங் வெடித்து உரிய ஆரம்பித்ததும், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. ஹெட்லைட்டை உற்றுப் பார்த்தால், பானட்டை ஒட்டிச் சரிந்திருக்கும் மேல்பாதிதான் அதிகம் மங்கியிருக்கும். பம்பர் பக்கத்துக் கீழ்ப்பாதி ஓரளவு தெளிவாகவே இருக்கும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சரிந்த மேல்பாதி அதை முழுசாக வாங்கிக்கொள்கிறது.

மங்கிய லென்ஸைத் தேய்த்துத் தெளிய வைப்பது பாதி வேலை. அழிந்துபோன கோட்டிங்குக்குப் பதிலாக மேலே என்ன போடுகிறீர்கள் என்பதில்தான் மீதி பாதி இருக்கிறது, அதுதான் முக்கியமான பாதியும்கூட. கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம்.

## முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை

லென்ஸ் மேல் தண்ணீரை ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும் சில நொடிகள் லென்ஸ் தெளிந்து உள்ளே பல்ப் நன்றாகத் தெரிந்தால், கோளாறு வெளிப்பரப்பில்தான். தேய்த்தால் சரியாகும். தண்ணீர் ஊற்றியும் அதே மங்கல் இருந்தால் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

ஒன்று, லென்ஸின் உட்பக்கம் மங்கியிருக்கிறது. இரண்டு, பிளாஸ்டிக்கின் உள்ளேயே மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கின்றன; டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் வலைபோல மின்னும். மூன்று, லென்ஸ் சரியாகவே இருக்கிறது, பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர் வெந்து கருத்துவிட்டது. 60/55 வாட் பல்ப் இருக்க வேண்டிய இடத்தில் 100/90 வாட் ஹாலஜன் மாட்டிய கார்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். அந்தச் சூடு ரிஃப்ளெக்டரின் பளபளப்பான பூச்சைப் பொசுக்கும், லென்ஸையும் உள்ளிருந்து வாட்டும். இந்த மூன்றில் எது என்றாலும் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. நேராகக் கடைசி வழிக்குப் போய்விடுங்கள்.

மழைக்காலத்தில் லென்ஸுக்குள் மெல்லிய பனிபோலப் படிந்து, லைட் போட்டு அரை மணி ஓட்டியதும் மறைந்தால் கவலை வேண்டாம். துளித்துளியாக நின்றாலோ அடியில் தண்ணீர் தேங்கினாலோ சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

## எதை வைத்து எடைபோடுவது

வெளிச்சம் எவ்வளவு திரும்புகிறது என்பது முதல் கேள்வி. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ 2018-ல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல அளவுகோல். நன்றாக மங்கிய ஹெட்லைட், புதியது தரும் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதம்தான் தந்தது. தேய்த்துப் புதுப்பித்தபோது சுமார் 70 சதவீதத்துக்கு வந்தது. கார் கம்பெனியின் ஒரிஜினல் யூனிட்டை மாற்றினால் முழு 100. வெளிக் கம்பெனி யூனிட்டுகள் 83 முதல் 90 வரை. தேய்த்த லென்ஸில் எதிரே வருபவருக்குக் கூச்சம் சற்று அதிகம் என்பதையும் அந்தச் சோதனை சொன்னது. தேய்த்தால் புதுசு மாதிரியே ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் இந்த 70-ஐ நினைவில் வையுங்கள். ஆனால் 20-லிருந்து 70 என்பது இரவு ஓட்டுகிறவருக்குப் பெரிய மாற்றம்.

இரண்டாவது, சென்னை வெயிலில் எத்தனை நாள் நிற்கும். மூடிய பார்க்கிங்கில் நிற்கும் காருக்கும் நாளெல்லாம் வெட்டவெளியில் நிற்கும் காருக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம் வரும்.

மூன்றாவது பணம். பொருளின் விலை மட்டும் போதாது. பம்பர் கழற்றும் கூலி, உடையும் கிளிப், பெயிண்டில் பட்ட கீறலுக்கு டச்சப், பீம் செட்டிங் எல்லாம் சேர வேண்டும். நான்காவது, தவறினால் திரும்ப முடியுமா என்பது. சில வழிகள் தோற்றால் இன்னொரு முறை முயலலாம். சில வழிகள் லென்ஸையே கெடுத்துவிடும். விலையைப் பார்க்கிற பலர் இதைப் பார்ப்பதில்லை.

## வழி 1: பேஸ்ட், சோடா உப்பு, எண்ணெய்

டூத் பேஸ்டில் மிக நைசான தேய்ப்புத் துகள் இருக்கிறது. அது மேல் அழுக்கையும் மஞ்சளின் மேல் படலத்தையும் எடுக்கும். லேசான மங்கலில் பலன் தெரியும். ஆனால் உரிந்த கோட்டிங்கை அதனால் எடுக்க முடியாது, பாதுகாப்பும் எதுவும் தராது. வெளியில் நிற்கும் காரில் சில வாரம் நின்றால் அதிகம்.

டபிள்யூடி-40, தேங்காய் எண்ணெய் வகையறா இன்னும் மோசம். கீறல்களுக்குள் எண்ணெய் நிரம்புவதால் தெளிந்த மாதிரி தெரிகிறது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது தெரிந்ததும் இதே தெளிவுதான். காய்ந்ததும் பழையபடி ஆகிவிடும், நடுவில் ரோட்டுத் தூசியும் ஒட்டிக்கொள்ளும். கொசு விரட்டி ஸ்பிரே அடிக்கும் வித்தையும் உலவுகிறது. அதிலிருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கையே கரைக்கிறது. பக்கத்துப் பெயிண்டில் வழிந்தால் அதையும் தின்னும். செய்யாதீர்கள்.

நாளை மறுநாள் காரை விற்கப் போகிறீர்கள், போட்டோவுக்குப் பார்க்கும்படி இருந்தால் போதும் என்றால் பேஸ்ட் போதும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

## வழி 2: காம்பவுண்ட் பாலிஷ் மட்டும்

பெயிண்டுக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்ட் 250 முதல் 500 ரூபாய்க்குக் கிடைக்கும். மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு ஒரு லென்ஸுக்குப் பத்து நிமிடம் தேய்த்தால், கோட்டிங் இன்னும் முழுசாக உரியாத, இரண்டு மூன்று வருடக் காரின் லேசான மூட்டம் போய்விடும். மேலே சீலன்ட் (பரப்பைக் காக்கும் மெல்லிய பூச்சு) போட்டு, மாதம் ஒருமுறை வாஷ் செய்யும்போது மறுபடி போட்டுக்கொண்டே வந்தால் வருடக்கணக்கில் காலம் தள்ளலாம்.

ஆனால் மஞ்சள் பூத்து, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும் லென்ஸில் காம்பவுண்டால் எதுவும் ஆகாது. உரிந்தும் உரியாமலும் இருக்கும் கோட்டிங்கை மேலோட்டமாகப் பளபளப்பாக்கினால் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். டிரில்லில் பஃப் மாட்டி வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் சூடேறி இழுபட்டு அலையாகிவிடும். 1,500 ஆர்பிஎம்முக்கு மேல் போகாதீர்கள், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள்.

## வழி 3: வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, மேலே கோட்டிங்

வீட்டில் செய்யக்கூடியவற்றில் சரியான வைத்தியம் இதுதான். வேலையும் இதில்தான் அதிகம், தவறுவதும் இதில்தான் அதிகம்.

தேவையானவை: 600, 1000, 1500, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், தலா ஒன்று (நம்பர் ஏற ஏற நைசாகும்; நன்றாக உரிந்திருந்தால் 400-ம் ஒன்று), மாஸ்கிங் டேப், அரை பக்கெட் தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், காம்பவுண்ட், ஐசோபுரோபைல் ஆல்கஹால், நாலைந்து மைக்ரோஃபைபர் துணி. பேப்பர் ஷீட் ஒன்று 20 முதல் 40 ரூபாய்தான். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் தனித்தனி நம்பராக வாங்கலாம். பெயிண்ட் கடைகளிலும் கிடைக்கும். ரெடிமேட் கிட் வாங்கினால், கடைசியில் போட என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வெறும் மெழுகுப் பாக்கெட் என்றால் அந்தக் கிட் வழி 2-ஐவிடச் சிறந்ததில்லை.

பேப்பரைப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊற வையுங்கள். ஹெட்லைட்டைச் சுற்றி பானட், பம்பர், ஃபெண்டர் ஓரங்களில் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். ஓர் அடுக்கை 600 நம்பர் பேப்பர் சீக்கிரமே கிழித்துவிடும். அடுத்த நிமிடம் பெயிண்டில் வெள்ளைக் கோடு. நிழலில், கார் ஆறியபிறகு ஆரம்பியுங்கள்.

600-ஐக் கிடைமட்டமாக மட்டும் ஓட்டுங்கள். தண்ணீர் நிறைய இருக்கட்டும். முதலில் வடியும் குழம்பு மஞ்சளாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் பால்போல வெள்ளையாக மாறும். எல்லா இடத்திலும் வெள்ளையாக வடிகிறபோதுதான் பழைய கோட்டிங் முழுசாகப் போயிருக்கிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். லென்ஸ் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆவதைப் பார்த்துப் பயந்து அடுத்த நம்பருக்குப் போய்விடுகிறார்கள். ஓரங்களில் பழைய கோட்டிங் தங்கிவிட்டால் கடைசியில் அது தனி எல்லைக்கோடாகத் தெரியும், புதுக் கோட்டிங் உரிய ஆரம்பிப்பதும் அங்கேதான். துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். பரப்பு முழுக்க ஒரே மாதிரி மங்கலாக, தீவு தீவாகப் பளபளப்பு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும்.

அடுத்து 1000-ஐச் செங்குத்தாக ஓட்டுங்கள். போன பேப்பரின் கிடைக்கோடுகள் முழுசாக மறைந்தால் அந்த நம்பர் முடிந்தது. இப்படித் திசை மாற்றினால்தான் எது முடிந்தது, எது மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு லென்ஸுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். நம்பர் மாற்றும்போது பக்கெட் தண்ணீரையும் மாற்றுங்கள். 600-ன் ஒரு துகள் 2000 பேப்பரில் மாட்டினால் புதுக் கீறல்.

இதற்குப் பிறகு எதுவரை தேய்ப்பது என்பது, மேலே போடப்போகும் கோட்டிங்கைப் பொறுத்தது.

### 3அ: துடைத்துப் போடும் செராமிக் கோட்டிங்

3000 வரை போய், காம்பவுண்டால் பளபளப்பாக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தபிறகு இதைப் போட வேண்டும். இரண்டு ஹெட்லைட்டுக்கும் 5 மில்லி போதும். சென்னைச் சூட்டில் ஒரு நிமிடத்திலேயே இறுக ஆரம்பிக்கும். கால்பங்கு கால்பங்காகப் போட்டு உடனே துடையுங்கள். தாமதித்தால் வானவில் திட்டுகள் நிற்கும். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

ஆயுள் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம். மறுபடி மங்கினால் 2000-லிருந்தே ஆரம்பித்து அரைமணியில் புதுப்பிக்கலாம். முதல்முறை கையில் எடுப்பவருக்கு இதைத்தான் சொல்வோம். தவறினால் காம்பவுண்ட் போட்டு எடுத்துவிட்டு மறுபடி செய்யலாம், நஷ்டம் ஒரு மாலை நேரம்தான்.

### 3ஆ: 2கே கிளியர்

கார் பாடிக்குப் பெயிண்டர் கடைசியாக அடிக்கும் அதே கிளியர், ஹார்ட்னர் கலந்தது. ஃபேக்டரி கோட்டிங்குக்கு மிக அருகில் வருவது இதுதான். யூவி தடுப்பு உள்ள நல்ல கிளியரைச் சரியாக அடித்தால் இரண்டு மூன்று வருடம் நிற்கும்.

பலர் இதற்கும் 3000 வரை தேய்த்து, கண்ணாடியாகப் பளபளப்பாக்கியபிறகு கிளியர் அடிக்கிறார்கள். வழுவழுப்பான பரப்பில் கிளியருக்குப் பிடிமானம் இல்லை. ஒரு வருடத்துக்குள் பாம்புச் சட்டைபோல உரிகிறது. கிளியர் அடிப்பதென்றால் 800 அல்லது 1000-ல் நிறுத்திவிடுங்கள். லென்ஸ் மங்கலாகத்தான் இருக்கும். அந்த நைசான கீறல்களைக் கிளியரே நிரப்பி, அடித்த நொடியில் தெளிய வைக்கும்.

தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதனாலும் லென்ஸைத் துடைக்கக்கூடாது. பாலிகார்பனேட்டில் இவை மயிரிழை விரிசலை உண்டாக்கும், அது திரும்பச் சரியாகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் மட்டும்.

அடிக்கும் விதம்: 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், முதலில் தூறல்போல மெல்லிய ஒரு கோட். ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, இரண்டாவது ஈரமாக மின்னும் அளவுக்கு ஒரு முழுக் கோட். தேவைப்பட்டால் மூன்றாவது. லைட்டைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அன்று அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் தண்ணீர் படாமல், ஒரு வாரம் வாட்டர் வாஷ் இல்லாமல் விடுங்கள்.

காலம் பார்ப்பது சென்னையில் மிக முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் ஈரக்காற்றும் கிளியரைப் பால்போல வெளுக்க வைக்கும். மே மாதம் துளி லென்ஸில் பரவுவதற்கு முன்பே காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகும். ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை, பனி விலகி வெயில் ஏறுமுன் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் செய்வது நல்லது. கடலோரத்தில் இருப்பவர்கள் முதல் நாளே நல்ல தண்ணீரில் உப்புப் படிவைக் கழுவிவிடுங்கள். தரையில் தண்ணீர் தெளித்தால் தூசி எழாது.

ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. நுரையீரலுக்குக் கெடுதல், ஆஸ்துமா வரவைக்கும். துணி மாஸ்க்கோ சர்ஜிக்கல் மாஸ்க்கோ இதைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் வேண்டும். அடுக்குமாடியின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இதை அடிக்கவே கூடாது. குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தால் நாங்கள் பரிந்துரைப்பது ஒரு நடுவழி: தேய்ப்பதை வீட்டில் பொறுமையாக நீங்களே செய்துவிட்டு, கிளியரை மட்டும் பக்கத்து டிங்கரிங் பட்டறையில் அடித்து வாங்குங்கள். இரண்டு ஹெட்லைட்டுக்கும் 50 மில்லி கிளியர்கூட ஆகாது. வேறு காருக்குக் கலக்கும்போது சேர்த்து அடித்தால் பெயிண்டருக்கு ஐந்து நிமிட வேலை. 500 முதல் 1,000 ரூபாய் கேட்கலாம். கூடவே நின்று, தின்னர் துணியால் துடைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழக்கத்தில் கை அதற்குத்தான் போகும்.

### 3இ: பிபிஎஃப் படம்

பிபிஎஃப் என்பது பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்; 3000 வரை தேய்த்துப் பளபளப்பாக்கிய லென்ஸில் ஒட்டும் பாதுகாப்புப் படம். ஆவி, ரசாயனம், காலநிலைத் தொந்தரவு எதுவும் இல்லை. சின்னக் கல் அடியையும் தாங்கும். நல்ல படம் என்றால் இரண்டு முதல் நான்கு வருடம் வரும், பிறகு ஹேர் டிரையர் காட்டி உரித்துவிடலாம். அதிகம் வளைந்த லென்ஸில் கைப்பழக்கம் இல்லாமல் ஒட்டினால் ஓரத்தில் மடிப்பு விழும். புகைநிறப் படத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வெளிச்சத்துக்காகச் செலவு செய்துவிட்டு அதையே குறைக்கும் படத்தை ஒட்டாதீர்கள்.

## வழி 4: ஆவி பாலிஷ்

சின்ன மின்சாரக் குடுவையில் திரவத்தைச் சூடாக்கி, வரும் ஆவியை லென்ஸில் காட்டுவார்கள். கண்ணெதிரே பளிங்குபோலத் தெளியும். கோட்டிங் போட்டுத் தருகிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்தத் திரவம் பெரும்பாலும் குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன். அதன் ஆவி லென்ஸின் மேல்பரப்பைக் கரைத்து உருக்கி வழுவழுப்பாக்குகிறது. மேலே எந்தப் பாதுகாப்பும் சேரவில்லை. கரைந்து இறுகிய பரப்பில் உள்ளுக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடுவதால், சில மாதங்களில் வெயில் பட்டு விரிசல் ஓடும் ஆபத்து அதிகம். அப்படி விரிசல் ஓடிய லென்ஸைத் தேய்த்தும் காப்பாற்ற முடியாது.

அந்த ஆவி செய்பவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் தீங்கு. குளோரோஃபார்ம் அதிகச் சூடு படும்போது நச்சு வாயுவாகவும் மாறக்கூடும். ஆன்லைனில் குடுவையும் பாட்டிலும் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். எந்தச் சூழ்நிலைக்கும் இந்த வழியை நாங்கள் சொல்ல மாட்டோம்.

## வழி 5: டீட்டெய்லிங் கடை

சென்னையில் இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து சுமாராக 800 முதல் 2,500 ரூபாய்வரை கேட்கிறார்கள். இந்த இடைவெளி ஏன் என்று யோசித்தால், விஷயம் மறுபடி மேல்கோட்டிங்கில் வந்து நிற்கும். 800 ரூபாய் வேலை பெரும்பாலும் தேய்ப்பும் காம்பவுண்டும் மட்டும். வண்டியை விடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நம்பர் பேப்பரில் ஆரம்பிப்பீர்கள்? மேலே என்ன போடுவீர்கள்? எத்தனை மாதம் வாரண்டி எழுதித் தருவீர்கள்? முதல் கேள்விக்கு ‘பேப்பரே தேவையில்லை, மெஷின்லயே எடுத்துடலாம்’ என்று பதில் வந்தால் அது வழி 2. குடுவையைக் காட்டினால் வழி 4. இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தண்ணீர் ஊற்றித் தேய்க்க அசோசியேஷன் விடாத அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும், ஒரு ஞாயிறு காலையைக் கொடுக்க முடியாதவர்களுக்கும் நல்ல கடை கிடைத்தால் இதுவே சரி.

## வழி 6: யூனிட்டையே மாற்றுவது

உட்பக்கம் மங்கியது, விரிசல் ஓடியது, ரிஃப்ளெக்டர் வெந்தது, தண்ணீர் புகுந்தது: இவற்றுக்கு வேறு வழியில்லை. சாதா ஹாலஜன் ஹெட்லைட் உள்ள சின்னக் கார்களில் ஒரு பக்கம் சில ஆயிரம் ரூபாயோடு முடியும். புரொஜெக்டர், எல்இடி வந்த கார்களில் ஒரு பக்கமே பதினைந்து இருபதாயிரத்தைத் தாண்டும். அங்கே தேய்ப்பதற்குச் செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அர்த்தம் இருக்கிறது.

ஒரிஜினல் யூனிட்டில் முழு வெளிச்சமும் ஃபேக்டரி கோட்டிங்கும் கிடைக்கும். லூமாக்ஸ், ஃபியம், யூனோ மிண்டா போன்றவை கார் கம்பெனிகளுக்கே லைட் செய்து கொடுப்பவை. உங்கள் மாடலுக்கு அவர்கள் பெயரிலேயே கடையில் கிடைத்தால் ஷோரூம் விலையைவிடக் குறையலாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரியுங்கள். பெயர் தெரியாத டூப்ளிகேட்டில் மேல்கோட்டிங் மெலிதாக இருப்பதால் சீக்கிரமே மஞ்சளாகும், பீமும் சிதறும்.

புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் வாங்குவது ஒரு நியாயமான வழி. கையில் டார்ச்சும் தண்ணீர் பாட்டிலும் கொண்டு போங்கள். ரிஃப்ளெக்டர் கருத்திருக்கிறதா, பின்பக்கத்து மாட்டும் காதுகள் ஒட்டுப் போட்டவையா, சீல் ஓரத்தில் சிலிகான் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். சிலிகான் இருந்தால் ஏற்கெனவே திறந்த யூனிட். நவம்பர் மழைக்குத் தாங்காது. லென்ஸ் மட்டும் தனியாக வாங்கி, பழைய யூனிட்டைச் சூடாக்கிப் பிரித்து மாற்றுவதிலும் இதே சீல் பிரச்சினைதான் வரும். சில யூனிட்டுகளின் பசை பிரியவே பிரியாது.

மறைந்திருக்கும் செலவு: பல மாடல்களில் முன் பம்பரைக் கழற்றாமல் ஹெட்லைட் வெளியே வராது. பழைய கிளிப்புகள் பாதி உடையும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இன்னொரு பக்கம் மஞ்சளாகத் தெரியும், அதையாவது தேய்க்க வேண்டிவரும். இன்சூரன்ஸ் தரும் என்று எண்ண வேண்டாம். வெயிலில் மங்குவது தேய்மானக் கணக்கில் போகும், கிளெய்ம் கிடையாது. விபத்தில் உடைந்தால்கூட, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கவர்) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் கழித்துக்கொள்வார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | சுமார் செலவு (இரண்டுக்கும்) | வெளியில் நிற்கும் காரில் ஆயுள் | தவறினால் |
|---|---|---|---|
| பேஸ்ட் | வீட்டில் இருப்பது | சில வாரம் | நஷ்டம் இல்லை |
| காம்பவுண்ட் மட்டும் | 250–500 ரூ. | 1–3 மாதம் | நஷ்டம் இல்லை |
| தேய்த்து செராமிக் | 1,000–1,500 ரூ. | 6–12 மாதம் | மறுபடி செய்யலாம் |
| தேய்த்து 2கே கிளியர் (பட்டறையில்) | 1,200–2,000 ரூ. | 2–3 வருடம் | கிளியரை முழுசாகத் தேய்த்து எடுக்க வேண்டும் |
| தேய்த்து பிபிஎஃப் | படத்தைப் பொறுத்தது | 2–4 வருடம் | படத்தை உரித்துவிடலாம் |
| ஆவி பாலிஷ் | மலிவு | சில மாதம் | லென்ஸ் போய்விடும் |
| டீட்டெய்லிங் கடை | 800–2,500 ரூ. | மேல்கோட்டிங்கைப் பொறுத்தது | வாரண்டி இருந்தால் திரும்பப் போகலாம் |
| ஒரிஜினல் யூனிட் | சில ஆயிரம் முதல் அரை லட்சம் வரை | 5 வருடமும் அதற்கு மேலும் | – |

விலைகள் கடைக்குக் கடை மாறும்; ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

கால் டாக்ஸி ஓட்டுகிறவர்: இரவு ஓட்டம்தான் பிழைப்பு. எட்டு வருடம் கடந்த வண்டி என்றால் வருடா வருடம் எஃப்சியும் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செராமிக் போட நேரம் இருக்காது. ஒருமுறை தேய்த்து 2கே கிளியர் அடித்துவிடுவது நல்லது. ஹாலஜன் யூனிட் மலிவான மாடல் என்றால் மாற்றிவிடுவதும் சரியே.

வேலைக்குப் போய்வரும் காரை அலுவலகத்தில் வெட்டவெளியில் நிறுத்துகிறவர்: வீட்டில் தேய்த்து, பட்டறையில் கிளியர், இல்லையென்றால் பிபிஎஃப். செராமிக் போட்டால் அடுத்த கோடையில் மறுபடி உட்கார வேண்டிவரும்.

மூடிய பார்க்கிங்கில் நிற்கும், வாரம் ஒருமுறை வெளியே எடுக்கும் கார்: செராமிக் தாராளமாகப் போதும்.

15 வருடப் பதிவு முடிந்து ஆர்டிஓவில் புதுப்பிக்கப் போகிறவர்: ஹெட்லைட்டையும் பார்ப்பார்கள். தேதிக்கு முந்தைய நாள் பேஸ்ட் போட்டுச் சமாளிக்காமல், ஒரு மாதம் முன்பே தண்ணீர் சோதனை செய்து முடிவெடுங்கள். இன்னும் ஐந்து வருடம் ஓட்டப்போகிற வண்டி அது.

எல்இடி ஹெட்லைட் கார், வெளி மங்கல் மட்டும்: மாற்றுவதை மறந்துவிடுங்கள். கைப்பழக்கம் இல்லையென்றால் நல்ல கடையில் கொடுத்து பிபிஎஃப் ஒட்டுங்கள்.

## எதைச் செய்தாலும் கடைசியில் பீம் பாருங்கள்

மங்கிய லைட்டில் சரியாகத் தெரியவில்லை என்று பலர் பீமை மேலே தூக்கி வைத்திருப்பார்கள். லென்ஸ் தெளிந்ததும் அதே பீம் எதிரே வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். யூனிட்டை மாற்றியிருந்தால் பீம் நிச்சயம் நகர்ந்திருக்கும்.

டயர் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி காரை நிறுத்துங்கள். ஹெட்லைட் லெவலர் திருகு இருந்தால் பூஜ்யத்தில் வைத்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வையுங்கள். பல்பின் நடுவுக்குத் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் டேப் ஒட்டுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்த டேப்புக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும், இடப்பக்கம் மட்டும் சற்று ஏறியிருக்க வேண்டும். வலப்பக்கம் ஏறியிருந்தால், வலதுபுறம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த யூனிட்டை உங்களிடம் தள்ளியிருக்கிறார்கள். திருகைத் திருப்பி அதைச் சரிசெய்ய முடியாது, கடையில் திருப்பிக் கொடுங்கள். மற்றபடி யூனிட்டின் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் திருகைக் கால் திருப்பமாகத் திருப்பி, ஒரு பக்கத்தைத் துணியால் மூடிக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகச் செட் செய்யுங்கள்.